ஊட்டி ஹோம்ஸ்டேக்கும் வர்க்கிக் கடைக்கும் ஏஐ ஏன் ஒரே மாதிரி எழுதித் தருகிறது?

நீலகிரியில் சின்ன அளவில் தொழில் செய்பவர்களின் இன்ஸ்டாகிராம், கூகுள் மேப் பக்கங்களைப் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். எல்லோரும் ‘இயற்கையின் மடியில்’ இருக்கிறார்கள், எல்லோரும் ‘மறக்க முடியாத அனுபவம்’ தருகிறார்கள். கோத்தகிரியில் மூன்று அறையை வாடகைக்கு விடுபவரும், ஊட்டி மார்க்கெட் பக்கம் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் போடுபவரும், குன்னூரில் டீத்தூள் பொட்டலம் கட்டி விற்பவரும் ஒரே ஆளைக் கூப்பிட்டு எழுதி வாங்கினது மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட அப்படித்தான். எழுதிக் கொடுத்தது சாட்ஜிபிடி, இல்லையென்றால் ஜெமினி, இல்லையென்றால் வாட்ஸ்அப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மெட்டா ஏஐ.

இதற்கு மருந்து என்று சொல்லி ‘தொழிலுக்கு ஆயிரம் பிராம்ப்ட்’ (பிராம்ப்ட் என்றால் ஏஐயிடம் நாம் சொல்லும் கட்டளை) மாதிரியான பிடிஎஃப்களும் ஒருநாள் பயிற்சி வகுப்புகளும் விற்பனையாகின்றன. காசு கொடுத்தவர்கள் அதில் இருப்பதை அப்படியே ஒட்டிப் பார்க்கிறார்கள், முன்பைவிடக் கொஞ்சம் நீளமான ‘இயற்கையின் மடி’ கிடைக்கிறது, ஏஐ நமக்கெல்லாம் சரிப்படாது என்று மூடி வைத்துவிடுகிறார்கள். கோளாறு பிராம்ப்டின் வார்த்தை ஜாலத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஏஐ என்ற இந்தப் பெட்டி உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## பெட்டிக்குள் நடப்பது

‘மலைகளின்’ என்று சொல்லி நிறுத்தினால் உங்கள் வாயில் அடுத்து என்ன வருகிறது? ‘அரசி’. கொடைக்கானல்காரர் என்றால் ‘இளவரசி’. யோசித்துச் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டுப் பழகியதால் வருகிறது. மொழி மாடல் என்று சொல்லப்படும் மென்பொருள் செய்வதும் இதைத்தான், நினைத்துப் பார்க்க முடியாத அளவில். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்குப் பின்னால் எந்தத் துண்டு வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்கப்படுத்தப்பட்டது அது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். அதன் மேல், மனிதர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கத்தையும் ஏற்றி, 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்று வெளியே விட்டார்கள். மற்றவை பின்னாடியே வந்தன.

பிராம்ப்ட் என்பது நீங்கள் அதற்குத் தட்டச்சு செய்து கொடுப்பது, அல்லது மைக்கில் சொல்வது. அந்த உரையாடலில் அதற்கு முன் பேசியது, ஒட்டிய படம், கோப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அதன் கண் முன்னால் இருக்கும் காகிதம். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்த துண்டைக் கணிக்கும்.

இதிலிருந்து நான்கு விஷயங்கள் தாமாகவே வந்துவிடுகின்றன:

1. உங்கள் கடையை அதற்குத் தெரியாது. ‘ஊட்டி’ தெரியும், ‘ஹோம்ஸ்டே’ தெரியும். உங்கள் வீட்டுக்கு வரும் கடைசி 400 மீட்டர் மண் ரோடு என்பது தெரியாது.

2. நீங்கள் சொல்லாமல் விட்ட இடம் காலியாக நிற்காது. ஊரில் எல்லோரும் எழுதியதன் சராசரி வந்து அதில் உட்காரும். ‘இயற்கையின் மடி’ அங்கிருந்துதான் வருகிறது.

3. தெரியாதென்று நிறுத்திக்கொள்வது அதற்குச் சுலபமில்லை. அடுத்த துண்டு எப்போதும் ஒன்று கிடைத்துவிடும், அது உண்மையா என்பது வேறு கேள்வி. இப்படி இல்லாததை இருப்பதாக எழுதுவதை மாயத் தகவல் என்று வைத்துக்கொள்வோம்.

4. அதன் படிப்பு ஏதோ ஒரு தேதியோடு நின்றிருக்கும். சில செயலிகள் இணையத்தில் தேடியும் பதில் சொல்கின்றன, ஆனால் ஒவ்வொரு தடவையும் தேடுவதில்லை, தேடினாலும் பழைய பக்கம் சிக்கலாம்.

நான்காவதற்குக் கைமேல் உதாரணம் ஜிஎஸ்டி. சாக்லேட்டுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. ஒரு நாளுக்கு ரூ.7,500 வரை வாடகை உள்ள தங்கும் அறைக்கு 12 சதவீதம் இருந்தது, அதே நாளிலிருந்து உள்ளீட்டு வரிச் சலுகை (தொழிலுக்கு வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) இல்லாமல் 5 சதவீதம். இந்தத் தேதிக்கு முன்னால் படிப்பை முடித்த மாடலிடம் ‘ஹோம்மேட் சாக்லேட்டுக்குப் பில் மாதிரி போட்டுக் கொடு’ என்றால் கூச்சமே இல்லாமல் 18 போட்டுத் தரும். அது படித்ததெல்லாம் 18 என்றுதான் சொன்னது.

ஆக, பிராம்ப்ட் எழுதுவது என்றால் மந்திரம் கண்டுபிடிப்பது கிடையாது. உங்களுக்கு மட்டும் தெரிந்ததை அந்தக் காகிதத்தில் எழுதி வைப்பது. சமவெளியிலிருந்து நேற்றுதான் வேலைக்கு வந்த, நன்றாகப் பேசத் தெரிந்த, எதைக் கேட்டாலும் ‘தெரியும்ண்ணா’ என்று தலையாட்டுகிற ஒரு பையனைக் கல்லாவில் உட்கார வைக்கும் முன் என்னென்ன சொல்லிவிட்டுப் போவீர்களோ, அதுதான் பிராம்ப்ட்.

## ஒரு விசாரணை, இரண்டு பிராம்ப்ட்

பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் கோத்தகிரிப் பக்கம் உள்ள ஹோம்ஸ்டே ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் வெள்ளி, சனி இரண்டு இரவு அறை இருக்கிறதா, என்ன விலை, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்பி ராத்திரியே வந்துவிடலாமா.

பெரும்பாலும் கொடுக்கப்படும் பிராம்ப்ட் இது:

“ஹோம்ஸ்டே விசாரணைக்கு நல்ல பதில் எழுதிக் கொடு.”

கிடைப்பது: அன்பான வணக்கம், எங்கள் இல்லத்தில் ஆர்வம் காட்டியமைக்கு நன்றி, 24 மணி நேர வெந்நீர், இலவச வைஃபை, கேம்ப்ஃபயர், எந்த நேரத்திலும் உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம். கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றுக்கும் பதில் இல்லை, இல்லாத மூன்று வசதி சேர்ந்திருக்கிறது, போதாததற்கு ‘எந்த நேரத்திலும்’ என்று ஒரு வாக்குறுதி. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் பெரிய வம்பு, ஏன் என்று கீழே வரும்.

இப்போது இன்னொன்று:

“கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று அறை உள்ள ஹோம்ஸ்டே. பெங்களூர்க் குடும்பம், பெரியவர்கள் இரண்டு, குழந்தைகள் இரண்டு. அவர்கள் அனுப்பிய மெசேஜைக் கீழே ஒட்டியிருக்கிறேன். அறை இருக்கிறது. ஒரு இரவுக்கு ரூ.3,200, காலை டிபன் சேர்த்து. பாதி அட்வான்ஸ் வந்தால்தான் அறை உறுதி. மைசூரு, பந்திப்பூர், முதுமலை வழியில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டி விடமாட்டார்கள், அதனால் வெள்ளி இரவு வருவது கஷ்டம். சனி விடியற்காலையில் கிளம்பி வந்து சனி, ஞாயிறு இரண்டு இரவு தங்க முடியுமா என்று கேள். வண்டிக்கு இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும் என்று நினைவுபடுத்து. மெயின் ரோட்டிலிருந்து 400 மீட்டர் மண் ரோடு, கார் வரும், டெம்போ டிராவலர் வராது. வெந்நீர் காலை 6 முதல் 9 வரை. பேச்சுத் தமிழில், ‘நீங்க, வாங்க’ என்று மரியாதையாக, எட்டு வரிக்குள் எழுது. நான் சொல்லாத எந்த வசதியையும் சேர்க்காதே.”

இதில் தந்திரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நிபுணர் பட்டம் கட்டவில்லை, ஆழ்ந்து மூச்சுவிட்டு யோசி என்று கெஞ்சவில்லை. பாதி வரிகள் தகவல், அதுவும் இந்த மலையில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்த தகவல். கூகுள் மேப் பெங்களூர்க்காரருக்கு எத்தனை மணி நேரம் என்று காட்டும், செக்போஸ்ட்டில் ஒன்பது மணிக்குக் கதவு மூடினால் குழந்தைகளோடு வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது நீங்கள்தான். ‘எந்த நேரத்திலும் வரவேற்கிறோம்’ என்ற வரி போயிருந்தால் அந்த ராத்திரிக்குப் போனில் திட்டு வாங்குபவரும் நீங்கள்தான்.

இ-பாஸ் கதையும் அதே ரகம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. முதலில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, எவ்வளவு வண்டி வருகிறது என்று கணக்கெடுக்கத்தான். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏஐ எந்த ஆண்டின் செய்தியைப் படித்ததோ அந்த ஆண்டின் விதியைச் சொல்லும். கொரோனா காலத்து இ-பாஸோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது, பெயர் ஒன்றுதானே. எனவே மாறக்கூடிய விதி எதுவாக இருந்தாலும் அதனிடம் கேட்காதீர்கள், அரசு தளத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்து, அதை நீங்கள் அதற்குச் சொல்லுங்கள்.

## ‘20 வருட அனுபவமுள்ள நிபுணராக நடந்துகொள்’ வேலை செய்யுமா?

விற்கப்படும் பிராம்ப்ட் தொகுப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் வேலை செய்யும். நடை மாறும், பேசும் தோரணை மாறும், கணக்காளர் போலப் பேசு என்றால் அந்தச் சொற்கள் கூடுதலாக வரும். ஆனால் நிபுணர் பட்டம் கட்டியதால் உங்கள் ஹோம்ஸ்டேயின் வாடகை அதற்குத் தெரிந்துவிடாது. தெரியாத விஷயத்தை முன்பைவிட அதிகத் தோரணையோடு சொல்லும், அவ்வளவுதான், அது நல்லதற்கில்லை.

அதற்குப் பதில் யாருக்கு எழுதுகிறோம் என்று சொல்வது எவ்வளவோ மேல். வாசிப்பவர் யார், அவர் என்ன முடிவு எடுக்கப் போகிறார், எங்கே நின்று வாசிப்பார். கடை வாசலில் ஒட்டும் பலகையை ஐந்து நொடி பார்ப்பார்கள். கேரளாவிலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் வருபவர் இருபது நிமிடத்தில் வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். இதையெல்லாம் ஒரு வரியில் சொன்னாலே பதிலின் நீளமும் தொனியும் தானாகச் சரியாகும்.

## மாதிரி காட்டுவது

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இதுதான் முக்கியமான பகுதி, தமிழில் வேலை வாங்குபவர்களுக்குக் குறிப்பாக.

2020இல், சாட்ஜிபிடியைப் பின்னால் வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-3 மாடலை அறிமுகப்படுத்திய ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்தே இதுதான்: வேலையை விளக்குவதோடு இரண்டு மூன்று மாதிரியும் பிராம்ப்டிலேயே காட்டினால், தனியாகப் பயிற்சி கொடுக்காமலே மாடல் அந்த வகையைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த துண்டைக் கணிக்கும் பெட்டிக்கு ‘இயல்பாக எழுது’ என்ற கட்டளையைவிட, நீங்கள் ஏற்கெனவே இயல்பாக எழுதிய மூன்று மெசேஜ் ஆயிரம் மடங்கு தெளிவு.

தமிழுக்கு இது ஏன் கூடுதல் அவசியம்? இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு, இருப்பதில் செய்தியும் மொழிபெயர்ப்பும் பெரும் பங்கு. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசும் தமிழ் அதில் எங்கே இருக்கப் போகிறது? அதனால்தான் சும்மா விட்டால் ‘தங்களின் மேலான ஆதரவினை நாடும்’ என்று ரேஷன் கடை நோட்டீஸ் தமிழில் எழுதுகிறது, அல்லது ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் போட்டு நீட்டுகிறது.

அப்புறம் டோக்கன் விவகாரம். கணினி தமிழ் எழுத்தைச் சேமிக்கும் விதமே வேறு. ‘வர்க்கி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிகள் எழுத்துக்களைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடில் அது வ, ர, புள்ளி, க, புள்ளி, க, இகரக் கொக்கி என்று ஏழு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி சேமிப்பின் சின்ன அளவு), ஆக 21 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆறு எழுத்து, ஆறே பைட். மாடல்கள் துண்டு போடும்போதும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் அதிகத் துண்டாகச் சிதறும், புதிய மாடல்களில் இது குறைந்திருக்கிறது. இதனால் உங்களுக்கு என்ன?

1. இலவசக் கணக்கின் அளவு தமிழில் சீக்கிரம் தீரலாம்.
2. ‘40 எழுத்துக்குள் விளம்பர வரி’ என்று கேட்டால் எண்ணிக்கை தப்பும், ஏனென்றால் அது எழுத்தைப் பார்ப்பதில்லை, துண்டைப் பார்க்கிறது. வரிக் கணக்கு சொல்லுங்கள், பிளெக்ஸ் அடிக்கும் முன் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவதை விட்டுவிட்டு அச்சுக்குக் கொடுத்து, கடைசி வார்த்தை ஓரத்தில் மடிந்த பலகைகளைச் சீசனில் பார்க்கலாம்.

மாதிரிக்கு எங்கே போவது என்றால் வேறெங்கும் போக வேண்டாம், உங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. நீங்கள் கைப்பட எழுதி, வாடிக்கையாளர் திரும்பி வந்த பதில்கள் மூன்றை எடுங்கள். பெயர், போன் நம்பரை அழித்துவிட்டு ஒட்டுங்கள். ‘நான் இப்படித்தான் எழுதுவேன், இதே தொனியில்’ என்று மேலே ஒரு வரி. தங்லீஷில், அதாவது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் இருந்தாலும் பரவாயில்லை, அதற்குப் புரியும். பதில் தமிழ் எழுத்தில் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

## இல்லாத பெருமை

மாயத் தகவல் என்று மேலே சொன்னது சின்னத் தொழிலில் பெரும்பாலும் பொய்யாகத் தெரியாது, பெருமையாகத் தெரியும். அதனால்தான் கண்ணில் மாட்டாமல் போகிறது.

ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊரின் தனித்தன்மைக்கான அரசு அங்கீகாரம் கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்தது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கும், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலுக்கும் அதற்கு முன்பே உண்டு. இவையெல்லாம் மாடல் படித்த பக்கங்களில் ‘ஊட்டி’, ‘நீலகிரி’ என்ற சொற்களோடு சேர்ந்தே வந்திருக்கும். இப்போது ‘எங்கள் ஹோம்மேட் சாக்லேட்டுக்குப் பெருமையாக நாலு வரி’ என்று கேட்டால், ‘புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி சாக்லேட்’ என்று எழுதித் தர அதற்கு ஒரு தடையும் இல்லை. கடைக்காரருக்கும் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புவிசார் குறியீடு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படும் விஷயம், ஊர்ப் பெயர் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் பட்டம் கிடையாது.

தைலக் கடைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘நீலகிரித் தைலத்துக்கு விளம்பரம்’ என்றால் சளியில் ஆரம்பித்து மூட்டுவாதம் வரை குணமாக்கிவிடும். பட்டியலிட்ட நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலிருந்தே ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது.

தோடர் பூத்தையல் விற்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு மாதிரி. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், இழை எண்ணிப் போடும் வேலை. இந்தத் தையல் போட்ட, பூத்துக்குளி எனப்படும் சால்வையின் படத்தைக் காட்டி ‘இந்த வடிவத்தின் பொருள் என்ன, வாங்குபவருக்குச் சொல்லக் கதை எழுது’ என்று கேட்டால் அழகான கதை வரும். இந்த வடிவம் மலையைக் குறிக்கிறது, இது முன்னோரின் ஆன்மா என்று அடுக்கும். தோடர் மொழியில் எழுதப்பட்டு இணையத்தில் கிடப்பது எவ்வளவு என்று யோசித்தாலே அந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரிந்துவிடும். தைத்த பெண்மணியிடம் கேட்டு அவர் சொன்னதைக் கொடுத்து, ‘இதை மட்டும் வைத்து எழுது’ என்பதுதான் அங்கே பிராம்ப்ட்.

இந்த எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு வரி உண்டு, எந்தப் பிராம்ப்டின் கடைசியிலும் சேர்க்கலாம்:

“நான் கொடுத்த தகவலில் இல்லாத எதையும் எழுதாதே. தேவைப்படும் இடத்தில் தெரியாவிட்டால் ‘______’ என்று கோடு போட்டு விட்டுவிடு.”

இரண்டாவது வரிதான் உண்மையில் வேலை செய்கிறது. வெறுமனே ‘பொய் சொல்லாதே’ என்றால், எது பொய் என்று அதற்கே தெரியாது. கோடு போடலாம் என்று ஒரு வழியைத் திறந்து கொடுத்தால் அந்த வழியில் போகும். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

## கடைக் குறிப்பு

ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தட்டச்சு செய்ய யாருக்கு நேரம்? சீசனில் சாப்பிடவே நேரமில்லை. அதனால் ஒரே தடவை உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதி போனில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மேலே அதை ஒட்டி, கீழே அன்றைய வேலையைச் சொல்லலாம். அதில் இருக்க வேண்டியவை:

1. என்ன விற்கிறீர்கள், என்ன விலை, எது சேர்த்தி, எது தனிக் காசு. எண்ணாகவே எழுதுங்கள், ‘நியாயமான விலை’ வேண்டாம்.

2. வந்து சேரும் வழி. எந்த வண்டி வரும், எது வராது. கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையைத் தவிர்க்கச் சொல்ல வேண்டுமானால் அது. சீசனில் போலீஸ் போடும் ஒருவழிப் பாதை.

3. இல்லாதவை. இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதிகம் காப்பாற்றுவது இதுதான். லிஃப்ட் இல்லை, ரூம் ஹீட்டர் இல்லை, பனிமூட்டம் இருந்தால் ஜன்னலில் எதுவும் தெரியாது, இரவு பத்து மணிக்கு மேல் பாட்டு வைக்க முடியாது, சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது.

4. அடிக்கடி வரும் கேள்விகளும் நீங்கள் சொல்லும் பதிலும். பத்து போதும்.

5. உங்கள் பேச்சு நடைக்கு மூன்று மாதிரி.

6. பயன்படுத்தக் கூடாத சொற்கள். ‘இயற்கையின் மடியில்’ இங்கே போகலாம்.

எழுத வரவில்லை என்றால் தலைகீழாகவும் செய்யலாம்: ‘எனக்குக் குன்னூரில் டீத்தூள் கடை, என் கடையைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியதை ஒவ்வொரு கேள்வியாகக் கேள், எல்லாம் முடிந்ததும் குறிப்பாகத் தொகுத்துக் கொடு’ என்று சொல்லிவிட்டு மைக்கில் பதில் சொல்லிக்கொண்டே போங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொகுத்ததை ஒரு முறை படித்துத் திருத்துங்கள், நீங்கள் சொல்லாத ஒன்றிரண்டு அதிலும் நுழைந்திருக்கும்.

## திருத்தும்போது

முதல் பதில் பிடிக்கவில்லை என்றதும் ‘இன்னும் நல்லா எழுது’ என்கிறோம். ‘நல்லா’ என்றால் அதற்குக் கூடுதல் அலங்காரம் என்று அர்த்தம். எந்த வரி, என்ன குறை என்று சொல்லுங்கள்: இரண்டாவது வரி நீளம், விலை முதலில் வர வேண்டும், கடைசி நன்றி வேண்டாம். நாலைந்து திருத்தத்துக்கு மேலும் சரியாகவில்லை என்றால் அந்த உரையாடலை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது நல்லது, ஏனென்றால் பழைய தப்பெல்லாம் இன்னும் அதன் காகிதத்தில்தான் இருக்கிறது, அதையும் பார்த்துத்தான் அடுத்ததை எழுதுகிறது.

## தப்பாகப் போனால் யார் தலையில்?

2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கு முடிந்தது. ஏர் கனடா தளத்தில் இருந்த சாட்பாட், துக்க நிகழ்வுக்குப் பயணம் செய்பவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் சொல்லியிருந்தது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. காசைத் திருப்பித் தர மறுத்த நிறுவனம், சாட்பாட் சொன்னதற்குச் சாட்பாட்தான் பொறுப்பு என்கிற தொனியில் வாதாடியது. எடுபடவில்லை. தளத்தில் எந்தப் பகுதி சொன்னாலும் அது நிறுவனம் சொன்னதுதான் என்று சொல்லி, வட்டி, செலவு சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னார்கள். கனடாத் தீர்ப்பு கோத்தகிரியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் நம்பரிலிருந்து போன மெசேஜை ‘அது ஏஐ எழுதியது’ என்று விருந்தினரிடம் சொல்லிப் பாருங்கள், இங்கேயும் பதில் அதே மாதிரிதான் இருக்கும்.

வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் அனுப்பும் பாட் வைப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். விலை, அட்வான்ஸைத் திருப்பித் தருவது, வரும் நேரம் இந்த மூன்றையும் பாட் தானாகச் சொல்லக் கூடாது, மனிதர் பார்த்து அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

உணவுப் பொட்டலத்தின் லேபிளும் அப்படித்தான். ‘சாக்லேட் டப்பாவுக்கு லேபிள்’ என்று கேட்டால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஒன்றையும் மாதிரிக்கென்று போட்டுத் தரும். அதை மாற்ற மறந்து அச்சடித்தால் யாருடைய எண்ணோ உங்கள் டப்பாவில். காலாவதித் தேதியையும் ஃபேக்டரி சாக்லேட்டின் கணக்கில் ஒரு வருடம் என்று போடும், நீங்கள் போட்ட முந்திரியும் பாலும் எவ்வளவு நாள் தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து, ஆதார். அறை எடுப்பவர்களிடம் வாங்கும் ஆதார் படத்தை ‘இதிலிருந்து ரெஜிஸ்டருக்குப் பெயர், முகவரி எடுத்துக் கொடு’ என்று செயலியில் ஏற்றுவது சுலபமான வேலைதான். செய்யாதீர்கள். அது உங்கள் தகவல் கிடையாது, விருந்தினருடையது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்தாயிற்று.

சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலைக்கும், ஃபேக்டரியில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு மனு எழுத ஏஐ அருமையான துணை. ரசீதுகளைப் படமெடுத்துக் கொடுத்து மொத்தக் கிலோவைக் கூட்டச் சொல்வது மட்டும் ஆபத்து. மங்கிய எண்ணைத் தப்பாகப் படிக்கும், நீளமான கூட்டலில் வழுக்கும், முடிவை மட்டும் கம்பீரமாகச் சொல்லும். ஒவ்வொரு ரசீதையும் தனி வரியாக அட்டவணை போடச் சொல்லி வாங்கி, கூட்டலை கால்குலேட்டரில் போடுங்கள்.

## குறிப்புக்கும் பருவம் உண்டு

மலையில் ஆண்டு முழுக்க ஒரே பதில் செல்லாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை இ-பாஸ் எண்ணிக்கை, ஒருவழிப் பாதை, மலர்க்கண்காட்சிக் கூட்டம். அப்புறம் தென்மேற்குப் பருவமழை, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வருபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண்சரிவு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி, ஹீட்டர் இல்லை என்பதை மெசேஜின் முதல் பாதியிலேயே சொல்ல வேண்டிய மாதங்கள். கடைக் குறிப்பின் முதல் வரியில் கடைசியாகத் திருத்திய தேதியைப் போட்டு வையுங்கள். இல்லையென்றால் நவம்பரில் தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் நின்றிருக்கும் வாரத்தில், ‘மேட்டுப்பாளையத்தில் டாய் ட்ரெயின் ஏறி குன்னூரில் இறங்குங்க, நாங்க கார் அனுப்பறோம்’ என்ற ஏப்ரல் மாதப் பதில் நல்ல தமிழில், ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.